கரண்ட் போய் வந்தா விளம்பரத் தடையோட சேர்ந்து வீட்டு நெட்டும் படுத்துக்குது

நெல்லை_டு_டர்பன் | வெள்ளி, ஜூன் 20, இரவு 8:55

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்ல வாடகை வீடு. முன்னாடி மூணு ரூம், பின்னாடி தனியா ஒரு அவுட்பில்டிங். ஊர்ல இருந்து வந்திருக்கிற அம்மா அங்கதான் தங்கியிருக்காங்க. காலைல காபியோட டேப்லெட்ல தமிழ்ப் பேப்பர் படிப்பாங்க. பிப்ரவரில ஒரு நாள் "உங்கள் சாதனத்தில் 13 வைரஸ்"னு சிவப்புப் பெட்டி ஒண்ணு குதிச்சுது. பயந்துபோய் அமுக்கிட்டாங்க. என்னென்னமோ இறங்கிடுச்சு. டேப்லெட்டைத் துடைச்சு எடுக்க எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.

ஒவ்வொரு மெஷினா தடுக்கிறதை விட ரௌட்டர்லயே தடுத்துடலாம்னு பார்த்தா, சேவைக்காரங்க கொடுத்த ரௌட்டர்ல அதுக்கு இடமே இல்லை. அதனால செகண்ட்ஹேண்ட் ரௌட்டர் ஒண்ணு வாங்கி, ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற இலவச ரௌட்டர் மென்பொருளை ஏத்தினேன். விளம்பர சர்வர் பெயர்களைப் பட்டியல் வச்சுத் தடுக்கிற ஆட்பிளாக் தொகுப்பு போட்டேன். டிஎன்எஸ் கேள்விகள் (தளத்தோட பெயரைச் சொல்லி அதோட எண் முகவரியைக் கேட்கிறது) வெளிய தெரியக்கூடாதுன்னு, அதைப் பூட்டுப் போட்டு அனுப்புற டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸும் சேர்த்தேன். மார்ச் 9-ல எல்லாம் முடிச்சாச்சு. அருமையா ஓடுச்சு.

இப்போ பிரச்சினை:

அம்மா டேப்லெட்ல ஒரு நேரம் விளம்பரம் இல்லை, ஒரு நேரம் கொட்டுது. டிவில எப்பவும் வருது. மனைவி போன்லயும் எப்பவும் வருது.

கரண்ட் போய் வந்தா சில சமயம் நெட்டே இல்லை. வைஃபை புள்ளி முழுசா இருக்கு, ஃபைபர் வந்து சேர்ற ஓஎன்டி பெட்டில பச்சை விளக்கு எரியுது, ஆனா ஒரு பக்கமும் திறக்காது. டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸை அணைச்சா உடனே உயிர் வருது. திரும்பப் போட்டாலும் ஓடுது. இன்னைக்கு சாயங்காலம் மறுபடி அதேதான். துணைமின் நிலையத்துல கேபிள் திருட்டாம், மூணு மணி நேரம் இருட்டு.

ரௌட்டரைத் தூக்கிக் கடாசிடலாமான்னு இருக்கு.

பூனைக்குட்டி404 | இரவு 9:02

கடாசுறதா இருந்தா சொல்லுங்க அண்ணா, பிரிட்டோரியால இருந்து பஸ் பிடிச்சு வந்து எடுத்துக்கிறேன்.

ரௌட்டர்_ராவுத்தர் | இரவு 9:10

ரெண்டு வியாதியை ஒரே சீட்டுல எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. கரண்ட் விஷயம் அப்புறம். முதல்ல விளம்பரம்.

லேப்டாப்ல கமாண்ட் விண்டோ திறந்து, என்எஸ்லுக்கப் போட்டு, டபுள்கிளிக் டாட் நெட்னு கேளுங்க. "அப்படி ஒரு பெயரே இல்லை"ன்னோ, 0.0.0.0-ன்னோ பதில் வந்தா ரௌட்டர் வேலை செய்யுது. பிறகு அதே கேள்வியை 8.8.8.8-கிட்ட (கூகுளோட டிஎன்எஸ்) நேரா கேளுங்க. அதுக்கு நிஜ முகவரி வந்தா, உங்க வீட்டுல யாரு வேணும்னாலும் வேலியைத் தாண்டலாம்னு அர்த்தம்.

டேப்லெட், டிவி, போன் மூணுலயும் நெட்வொர்க் விவரத்துல டிஎன்எஸ்ஸுக்கு நேரா என்ன எண் இருக்குன்னும் பார்த்து எழுதுங்க. அதை விட்டுட்டு பட்டியலை மாத்துறது, இன்னும் பெரிய பட்டியல் போடுறதுன்னு ஆரம்பிக்காதீங்க. 128 எம்பி ராம் உள்ள பெட்டில ஊர்ல உள்ள பட்டியலை எல்லாம் ஏத்தி, ரௌட்டர்ல டிஎன்எஸ்ஸைப் பார்த்துக்கிற டிஎன்எஸ்மாஸ்க் மூச்சு முட்டிச் செத்ததை நிறையப் பார்த்தாச்சு.

நெல்லை_டு_டர்பன் | இரவு 9:31

லேப்டாப்: "பெயரே இல்லை". 8.8.8.8-கிட்ட கேட்டா நிஜ முகவரி வருது.

மனைவி போன்: பிரைவேட் டிஎன்எஸ்னு ஒரு இடத்துல ஏதோ பெயர் எழுதியிருக்கு. எழுதினது யாருன்னு கேட்டேன். "நீங்கதான், ரெண்டு வருஷம் முன்னாடி, பாதுகாப்புன்னு சொல்லி"ன்னு பதில் வந்துச்சு. அந்தப் பேச்சை அதோட விட்டுட்டேன்.

டிவி: தானியங்கின்னு போட்டிருக்கு, எண் காட்ட மாட்டேங்குது.

டேப்லெட்: அம்மா சமையலறைல இருக்காங்க. 192.168.1.1, சரியாத்தான் இருக்கு. விளம்பரமும் இல்லை. இதான் குழப்பம்.

லெனேஷியா_அக்கா | இரவு 9:40

தம்பி, ஒரு கேள்வி. சேவைக்காரங்க கொடுத்த அந்தப் பழைய ரௌட்டர் இப்போ எங்க இருக்கு?

நெல்லை_டு_டர்பன் | இரவு 9:43

பின்னாடி அவுட்பில்டிங்லதான் அக்கா. அங்க சிக்னல் எட்டலைன்னு கேபிள் இழுத்து அதை மாட்டியிருக்கேன். அம்மா குழம்பக் கூடாதுன்னு அதே வைஃபை பேரு, அதே பாஸ்வேர்டு.

லெனேஷியா_அக்கா | இரவு 9:47

நினைச்சேன். கேபிள் அந்தப் பெட்டியோட வான் (வெளி நெட் வர்ற) ஓட்டைக்குள்ளதானே போகுது? அப்போ அது வீட்டுக்குள்ள ஒரு தனிக்குடித்தனம். தானே ஐபி கொடுக்குது, தானே டிஎன்எஸ் சொல்லுது. டேப்லெட்டைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே பக்கத்தைப் பாருங்க.

எங்க வீட்டுல மாமனார் இப்படித்தான் "காலைல விளம்பரம் வருது, மத்தியானம் வரலை"ன்னு ரெண்டு மாசம் சொல்லிட்டிருந்தார். காலைல அவர் உட்காருவது வராந்தா, மத்தியானம் சாப்பாட்டு மேசை. நேரத்தைப் பார்த்து மண்டையைப் பிச்சுக்கிட்டோம், இடத்தைப் பார்க்கவே இல்லை.

நெல்லை_டு_டர்பன் | இரவு 10:01

அக்கா, காலைத் தொட்டுக் கும்பிடுறேன். பின்கட்டுல டேப்லெட்டுக்கு 192.168.0.14. டிஎன்எஸ் 192.168.0.1. அந்தப் பெட்டிக்குள்ள போய்ப் பார்த்தா மேல 8.8.8.8-னு கையால எழுதியிருக்கு. இதுவும் நான்தான். அம்மா காலைல படிக்கிறது பின்கட்டுல, சாயங்காலம் சமையலறைல.

ரௌட்டர்_ராவுத்தர் | இரவு 10:04

பழைய பெட்டில டிஎச்சிபியை (ஐபி கொடுக்கிற வேலையை) அணைங்க, அதோட முகவரியை 192.168.1.2-ன்னு மாத்துங்க, கேபிளை வான்ல இருந்து பிடுங்கி லான் (வீட்டுப் பக்க) ஓட்டைல சொருகுங்க. அப்புறம் அது வெறும் வைஃபை கம்பம்தான், ஐபி எல்லாம் உங்க ரௌட்டர் கொடுக்கும். அந்தப் பெட்டி ஐபிவி6 (புது வகை) முகவரியும் கொடுக்குதான்னு ஒரு கண் வைங்க. ஐபிவி4-ல வாசலை அடைச்சுட்டு ஐபிவி6-ல கொல்லைக்கதவைத் திறந்து போட்டிருக்கிற வீடுகள்தான் அதிகம்.

டிவிக்கு: அது பெரும்பாலும் 8.8.8.8-ஐ வயித்துக்குள்ளயே வச்சிருக்கும், நீங்க கொடுக்கிற டிஎன்எஸ்ஸை மதிக்காது. ஃபயர்வால்ல போர்ட் ஃபார்வர்ட்ஸ் பக்கம். லான்ல இருந்து 53-ம் போர்ட்டுக்கு (சாதா டிஎன்எஸ் போற வாசல்) போற எதுவா இருந்தாலும், டிசிபி யுடிபி ரெண்டும், 192.168.1.1-க்கே திருப்புன்னு ஒரு விதி. டிவி கூகுளைக் கேட்டதா நினைச்சுக்கும், பதில் சொல்றது உங்க ரௌட்டர்.

போனுக்கு: பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாத்துங்க. அது 853-ல பூட்டுப் போட்டுப் பேசுறதால 53 விதி அதைத் தொடாது. 853-ஐ வெளிய அடைக்கவும் செய்யலாம், ஆனா போனை மாத்தின பிறகு. பெயர் எழுதி வச்ச போன் அந்தப் பெயர் கிடைக்கலைன்னா நெட்டே இல்லைன்னு படுத்துக்கும். வீட்டுல அப்புறம் நீங்கதான் பதில் சொல்லணும்.

நெல்லை_டு_டர்பன் | இரவு 10:22

விதியை 10:05-க்குச் சேமிச்சேன். பின்கட்டுக் கேபிளையும் மாத்தியாச்சு. டிவில முகப்புப் பக்கத்துல இருந்த பெரிய பட்டை காலியாயிடுச்சு, வெறும் சாம்பல் கட்டம். மனைவி போனும் சரி. முதல் வியாதி தீர்ந்தது.

பூனைக்குட்டி404 | இரவு 10:30

அப்போ யூடியூப் விளம்பரமும் போயிடுமா? எங்க ஹாஸ்டல்ல இதை மட்டும் செஞ்சு கொடுத்தா எனக்குச் சிலை வைப்பாங்க.

ரௌட்டர்_ராவுத்தர் | இரவு 10:33

போகாது. டிஎன்எஸ் தடை பார்க்கிறது பெயரை மட்டும்தான். வீடியோவும் விளம்பரமும் ஒரே பெயர் உள்ள சர்வர்ல இருந்து வருது. அதை அடைச்சா படமும் நிக்கும். பிரவுசருக்குள்ள தடுக்கிற கருவிதான் அதுக்கு. ஃபேஸ்புக் ஸ்பான்சர்டு பதிவுகளும் இதே கதைதான். பை-ஹோல், ஆட்கார்ட் ஹோம், இவர் போட்டிருக்கிற ஆட்பிளாக், எதுக்கும் இதே எல்லைதான்.

எழுத்துக்கூலி | இரவு 10:51

நடுவுல புகுந்து சொல்றதுக்கு மன்னிக்கணும். நான் ஒரு சின்னத் தமிழ்த் தளம் நடத்துறேன். சர்வர் வாடகை விளம்பரத்துல இருந்துதான் வருது. ரௌட்டர்ல அடைச்சா ஒரு வீடு முழுக்கப் போச்சு. படிக்கிறவருக்கு நாம தடுத்திருக்கோம்னே தெரியாது. பிரவுசர்லன்னா "இந்தத் தளத்துக்கு மட்டும் விடு"ன்னு அமுக்க ஒரு பொத்தானாவது இருக்கு.

லெனேஷியா_அக்கா | இரவு 10:58

நியாயம்தான். ஆனா வைரஸ்னு பயமுறுத்தின அந்தச் சிவப்புப் பெட்டியும் ஒரு தமிழ்த் தளத்துக்கு வாடகை கட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு. 70 வயசு அம்மாகிட்ட "நல்ல விளம்பரம் எது, கெட்ட விளம்பரம் எது, பார்த்து அமுக்குங்க"ன்னு சொல்ல முடியுமா? நான் எங்க வீட்டுல அடைச்சுதான் வச்சிருக்கேன். பிடிச்ச ரெண்டு தளத்துக்கு வருஷ சந்தா கட்டுறேன்.

எழுத்துக்கூலி | இரவு 11:03

சந்தா கட்டுறவங்க உங்களை மாதிரி நூத்துல ஒருத்தர் அக்கா. சரி, இழையைத் திசை திருப்பலை. அந்தச் சிவப்புப் பெட்டியை நானும் ஆதரிக்கலை.

டோங்காட்_தாத்தா | சனி, ஜூன் 21, காலை 5:48

வணக்கம். நான் நான்காம் தலைமுறை. என் தமிழ் சனிக்கிழமைப் பாடசாலைத் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வேலை செய்தது தொலைபேசி எக்ஸ்சேஞ்சில், ஓய்வு பெற்றுப் பல வருடம்.

இரண்டாவது நோயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். மார்ச்சுக்குப் பிறகு கரண்ட் எத்தனை முறை போனது? எந்தெந்த முறை நெட் செத்தது? ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ரௌட்டரில் கடைசியாக எப்போது எதையாவது மாற்றிச் சேமித்தீர்கள்?

நெல்லை_டு_டர்பன் | காலை 8:15

தாத்தா, தேதி எல்லாம் மனைவியோட வாட்ஸ்அப் திட்டுல இருந்து எடுத்தேன்.

ஏப்ரல்ல ரெண்டு தடவை போச்சு. நெட் தானா வந்துச்சு. மே 24-ல போச்சு, செத்தது. எச்டிடிபிஎஸ்ஸை அணைச்சுப் போட்டேன். மே 27-ல போச்சு, தானா வந்துச்சு. ஜூன் 20, நேத்து, செத்தது.

மார்ச் 9-க்கு அப்புறம் மே 24 வரைக்கும் நான் ரௌட்டரைத் தொடவே இல்லை. மே 24-க்கு அப்புறம் தொட்டது நேத்துதான்.

டோங்காட்_தாத்தா | காலை 8:40

நோய் கடிகாரம்.

உங்கள் ரௌட்டருக்குள் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும். திரும்ப எழுந்ததும் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒரு தந்திரம் செய்கிறது: அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடத்தில் எது கடைசியாக எழுதப்பட்டதோ, அதன் தேதியையே இன்றைய தேதி என்று வைத்துக்கொள்ளும். பிறகு நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். என்டிபி சர்வருக்கு ஒரு பெயர் உண்டு. பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். உங்கள் டிஎன்எஸ் எச்டிடிபிஎஸ் வழியாகப் போகிறது. அதற்குச் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். சான்றிதழில் "இந்தத் தேதியிலிருந்து செல்லும்" என்று எழுதியிருக்கும். ரௌட்டர் இன்னும் மார்ச் மாதத்தில் உட்கார்ந்திருக்கிறது, சான்றிதழ் அதற்குப் பிறகு பிறந்தது. "நீ இன்னும் பிறக்கவே இல்லை" என்று கதவைச் சாத்திவிடும். டிஎன்எஸ் இல்லை, ஆகவே நேரம் இல்லை. நேரம் இல்லை, ஆகவே டிஎன்எஸ் இல்லை.

ஏப்ரலில் இந்த நோய் ஏன் வரவில்லை? அப்போது அந்த சர்வர் காட்டிய சான்றிதழ் மார்ச் 9-க்கு முந்தியதாக இருந்திருக்கும். மே 24-க்குள் புதுப்பித்துவிட்டார்கள். அன்று நீங்கள் அணைத்துப் போட்டபோது நேரம் சரியாகி, புதிய தேதியோடு கோப்பு எழுதப்பட்டது. அதனால் 27-ல் தப்பித்தீர்கள்.

இப்போது பிரவுசரில் அந்த டிஎன்எஸ் சர்வரின் பக்கத்தைத் திறந்து, பூட்டுப் படத்தை அமுக்கி, சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். மே 24-க்குப் பிந்திய தேதி இருக்கும் என்று என் மூக்குக்கண்ணாடியைப் பந்தயம் வைக்கிறேன்.

நெல்லை_டு_டர்பன் | காலை 9:20

தாத்தா, சான்றிதழ் ஜூன் 9-ல இருந்து. கண்ணாடி பத்திரம்.

ஆனா ஒண்ணு இடிக்குது. இப்பவே பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்துல நெட் தானா வந்துடுச்சு! உங்க கணக்குப்படி சாகணும்ல?

டோங்காட்_தாத்தா | காலை 9:26

சாகாது. நேற்று இரவு நீங்கள் ஃபயர்வால் விதியைச் சேமித்தீர்கள் அல்லவா? ரௌட்டர் எழுந்ததும் நேற்று இரவு என்று நினைத்திருக்கும். ஜூன் 9 சான்றிதழ் அதற்கு முந்தியது, ஆகவே செல்லும். ரௌட்டரின் லாகை (பதிவேட்டை) திறந்து முதல் வரிகளைப் பாருங்கள்.

நெல்லை_டு_டர்பன் | காலை 9:34

முதல் வரிகள் எல்லாம் ஜூன் 20, 22:05. கீழ வரவர 22:05, 22:06. அப்புறம் ஒரே தாவல், அடுத்த வரி ஜூன் 21, 09:11.

உடம்பு சிலிர்த்துடுச்சு தாத்தா. 22:05-தான் நான் அந்த விதியைச் சேமிச்ச நிமிஷம்.

ரௌட்டர்_ராவுத்தர் | காலை 9:50

ஐயா, சலாம். பதினைஞ்சு வருஷமா இந்தப் பொழப்புல இருக்கேன், நான் நேரா பூட்ஸ்ட்ராப் டிஎன்எஸ் (எச்டிடிபிஎஸ் சர்வரோட முகவரியை முதல்ல கேட்கிற சாதா டிஎன்எஸ்) தப்புன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சிருப்பேன். ஏப்ரல்ல ஏன் சாகலைன்னு கேட்டிருக்க மாட்டேன்.

தம்பி, மருந்து. ரௌட்டரோட லூசி அமைப்புப் பக்கத்துல டிஎன்எஸ் ஃபார்வர்டிங் கட்டத்துல ஒரு வரி சேருங்க: சாய்கோடு, என்டிபி டாட் ஓஆர்ஜி, சாய்கோடு, பிறகு 1.1.1.1. அதாவது அந்தப் பெயருக்குள்ள வர்ற எல்லாத்தையும் மட்டும் பூட்டில்லாத சாதா டிஎன்எஸ்ல கேள்னு அர்த்தம். நேரம் கேட்கிறதை யார் பார்த்தா என்ன? ரௌட்டர்ல முன்னாடியே இருக்கிற என்டிபி பெயர்கள் எல்லாம் பூல் டாட் என்டிபி டாட் ஓஆர்ஜிக்குள்ளதான் வரும், அதனால இந்த ஒரு வரி போதும்.

கூடவே என்டிபி பட்டியல்ல 162.159.200.123-ன்னு எண்ணாவே ஒண்ணு சேர்த்துடுங்க, அது கிளவுட்ஃபிளேரோட நேர சர்வர். பெயர் கேட்கிற வேலையே இல்லை. எண் என்னைக்காவது மாறலாம், அதனால இதை மட்டும் நம்பாம ரெண்டும் வைங்க.

லெனேஷியா_அக்கா | காலை 10:02

இதே கூத்து ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல பை-ஹோல் வச்சிருக்கிறவங்களுக்கும் வரும். பை 4 வரைக்கும் போர்டுல கடிகாரம் இல்லை. பை 5-ல இருக்கு, ஆனா அதுக்குப் பேட்டரி தனியா வாங்கணும். ராஸ்பெரி பை ஓஎஸ் அப்பப்போ நேரத்தைக் குறிச்சு வைக்கிறதால பின்தங்கல் கொஞ்சமாத்தான் இருக்கும், அதான் பலருக்குத் தெரியறதில்லை.

ஆமா, ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் இல்லையா? 2023-ல ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங் (முறை வச்சு மின்வெட்டு) ஓடினப்போ அது இல்லாத வீடே கிடையாதே.

நெல்லை_டு_டர்பன் | காலை 10:10

இருந்துச்சு அக்கா. 2024 மார்ச் கடைசில லோட் ஷெட்டிங் நின்னதும் கொஞ்ச மாசம் கழிச்சுக் கழட்டி அலமாரில போட்டேன். இப்போ எடுத்துப் பார்த்தா நாலு நிமிஷம் தாங்குது. உள்ள பேட்டரி செல் போயிடுச்சு.

லெனேஷியா_அக்கா | காலை 10:15

செல் மட்டும் மாத்திக் கொடுக்கிற கடை இருக்கும், விசாரிங்க. மாட்டும்போது ஓஎன்டியையும் ரௌட்டரையும் மறக்காம ரெண்டையும் அதுல மாட்டுங்க. எங்க தெருவுல ஒருத்தர் ரௌட்டருக்கு மட்டும் மாட்டிட்டு, "வைஃபை இருக்கு நெட் இல்லை"ன்னு ரெண்டு வருஷம் சேவைக்காரங்களைத் திட்டினார்.

நெல்லை_டு_டர்பன் | மாலை 6:40

சோதிச்சாச்சு. ராவுத்தர் அண்ணா சொன்ன ரெண்டையும் போட்டேன். இப்பத்தான் சேமிச்சதால தேதி புதுசா இருக்கும், பிடுங்கிப் பார்த்தாலும் எதுவும் நிரூபணம் ஆகாதேன்னு தாத்தாகிட்ட தனியா கேட்டேன். வழி சொன்னார். ரௌட்டர் ஓடிட்டிருக்கும்போதே என்டிபியை நிறுத்தி, கையால தேதியை ஜனவரி 1-க்குத் தள்ளினேன். எச்டிடிபிஎஸ் டிஎன்எஸ்ஸை மறுபடி தொடங்கச் சொன்னேன். நெட் செத்தது, அதே நேத்து மாதிரி. லாகுல சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகலைன்னு வரிசையா வரிகள். பிறகு என்டிபியை மட்டும் தொடங்கினேன். அரை நிமிஷத்துக்குள்ள தேதி ஜூன் 21-க்குத் தாவிச்சு. நான் வேற எதையும் தொடலை. மனைவி போன்ல வாட்ஸ்அப் சத்தம் கேட்டுச்சு.

ஃபார்வர்டிங் வரியையும் எண்ணையும் எடுத்துட்டு அதே சோதனையைத் திரும்பச் செஞ்சேன். பத்து நிமிஷம் காத்திருந்தேன். ஜனவரி 1-லயே நின்னுச்சு.

டோங்காட்_தாத்தா | மாலை 6:55

எடுத்துவிட்டும் சோதித்தீர்களே, அது பிடித்தது. எடுத்ததைத் திரும்பப் போட்டீர்களா?

நெல்லை_டு_டர்பன் | மாலை 6:57

...இப்போ போடுறேன்.

பூனைக்குட்டி404 | மாலை 7:00

😂😂

நெல்லை_டு_டர்பன் | ஞாயிறு, ஜூன் 22, காலை 7:25

கடைசியா ஒண்ணு. அம்மா காலைல பின்கட்டுல இருந்து குரல் கொடுத்தாங்க: "ஏலே, பேப்பர்ல தங்கம் வெலைய எங்கலே காணும்?" பக்கத்து ஓரத்துல சென்னை விலை காட்டுற ஒரு பெட்டி இருக்குமாம். தினமும் அதைப் பார்த்துட்டுத்தான் செய்திக்கே போவாங்களாம். பின்கட்டுல இவ்வளவு நாள் தடை இல்லாததால அது வந்துட்டிருந்திருக்கு, இப்போ வெள்ளையா கிடக்கு.

ரௌட்டர்_ராவுத்தர் | காலை 7:41

அந்தப் பெட்டி வேற யாரோ சர்வர்ல இருந்து வரும், அந்தப் பெயர் பட்டியல்ல மாட்டியிருக்கும். ஆட்பிளாக் பக்கத்துல டிஎன்எஸ் அறிக்கையைப் போட்டுட்டு, அம்மாவைப் பக்கத்தை ஒரு தரம் புதுப்பிக்கச் சொல்லுங்க. அந்த நிமிஷத்துல தடுக்கப்பட்ட பெயர்கள் வரிசையா வரும். ஒவ்வொண்ணா அனுமதிப் பட்டியல்ல போட்டுப் பாருங்க, மொத்தமா போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் டேப்லெட்ல பிரவுசரை மூடித் திறக்கணும், பழைய பதிலை ஞாபகம் வச்சிருக்கும்.

நெல்லை_டு_டர்பன் | காலை 8:20

மூணாவது பெயர்ல வந்துடுச்சு. கிராம் விலையைச் சத்தமா வாசிச்சுட்டு "ஏறிட்டே போகுதே"ன்னு பெருமூச்சு விட்டாங்க. காபி கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன்.